ஹெட் நட்டை மறுபடி முடுக்கலாமா? பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு எந்த வழி சரி

எம்ஜிபி, மோரிஸ் மைனர், ட்ரையம்ப் ஹெரால்ட் மாதிரி ஒரு பழைய பிரிட்டிஷ் காரில் ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) இறக்கி, அதற்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் புது காஸ்கெட் போட்டு, வண்டியும் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மைல், நம் கணக்கில் 800 கிலோமீட்டர், ஓடியதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? முடுக்குவதென்றால் சூட்டிலா, ஆறிய பிறகா? நட்டைத் தளர்த்திவிட்டு முடுக்குவதா, இருக்கிற இடத்திலிருந்தே டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, அளந்து முடுக்கும் ஸ்பேனர்) போட்டுப் பார்ப்பதா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு ஹெட், இரும்பு பிளாக், ஸ்டட்டும் (பிளாக்கில் திருகி நிற்கும் மரைக்கம்பி) நட்டும் உள்ள எஞ்சின் என்றால், நன்றாக ஆறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நட்டைச் சற்றுத் தளர்த்தி, உடனே முழு டார்க்குக்கு முடுக்கி, அடுத்ததற்குப் போவதுதான் சரியான வழி. காஸ்கெட் தயாரித்தவர் 'மறுபடி முடுக்கத் தேவையில்லை' என்று எழுதியிருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம். மற்ற வழிகள் ஏன் இதற்குக் கீழே நிற்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் தப்பு செய்தால் உடனே தெரியாது. சில மாதம் கழித்து ரேடியேட்டரில் குமிழி வரும்போதுதான் தெரியும்.

பிடிப்பு ஏன் குறைகிறது

ஹெட் நட்டை முடுக்கும்போது ஸ்டட் ஒரு நூலிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவைதான் ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. காஸ்கெட் கொஞ்சம் அமுங்கினாலும் ஸ்டட்டின் நீட்சி குறையும், பிடிப்பும் அந்த அளவுக்குக் குறையும். புது இலவம்பஞ்சு மெத்தை முதல் சில வாரம் அமுங்கி, அப்புறம் ஒரு நிலைக்கு வருவதைப் போலத்தான் பழைய வகை காஸ்கெட்டும். எஞ்சின் சில தடவை சூடாகி ஆறினால் அது அமுங்க வேண்டிய அளவு அமுங்கிவிடும்.

எவ்வளவு அமுங்கும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மோரிஸ் மைனரில் உள்ள, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த ஏ-சீரீஸ் எஞ்சினில் ஹெட் ஸ்டட் 3/8 அங்குலம், நட் பக்கம் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு நட் 1.06 மில்லிமீட்டர் கீழே இறங்கும். முடுக்கும்போது நட் தன் பழைய இடத்தை 10 டிகிரி தாண்டிப் போனால், சுமார் 0.03 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அளவு சின்னதுதான், ஆனால் ஸ்டட்டின் மொத்த நீட்சியும் இதே மாதிரி சின்ன அளவில்தான் இருக்கிறது. அதனால் இந்த 0.03 பிடிப்பில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

பிஎம்சி நிறுவனத்துக்கும் இது தெரியும். புதுக் கார் வாங்கியவர்களுக்கு 500 மைலில் கொடுத்த இலவச சர்வீஸில் ஹெட் நட்டுகளையும் மேனிஃபோல்ட் நட்டுகளையும் குறித்த டார்க்குக்கு முடுக்குவதும், டேப்பட் இடைவெளியை (வால்வ் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளி) சரிபார்ப்பதும் சேர்ந்தே இருந்தன.

அப்படியே விட்டுவிடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில சமயம் இதுதான் சரியான முடிவு. அந்தக் காலத்து காஸ்கெட் இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்தது, நிறைய அமுங்கும். பிரிட்டனில் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கத் தடை செய்யப்பட்டது. இப்போது வருபவை எஃகு நடுத்தகட்டின் மேல் நாரோ கிராஃபைட்டோ ஒட்டி, சிலிண்டர் வாயைச் சுற்றி உலோக வளையம் போட்டவை. இவற்றில் சிலவற்றின் உறையிலேயே மறுபடி முடுக்க வேண்டாம் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரி இருந்தால் நம்புங்கள். அதன் மேற்பூச்சு முதல் சூட்டிலேயே இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டை அசைக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு சூழ்நிலையும் உண்டு. காஸ்கெட் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது, வண்டி சூடாவதில்லை, தண்ணீர் குறையவில்லை, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) சமமாக இருக்கிறது. சும்மா 'ஒரு தடவை முடுக்கி வைப்போம்' என்று அந்த எஞ்சினைத் தொட வேண்டாம். பழைய ஸ்டட்டில் துரு ஏறியிருக்கும், தளர்த்தும்போது நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டு வரும் அபாயம் இருக்கிறது.

ஆனால் செம்புக் காஸ்கெட்டோ, உறையில் ஒன்றும் எழுதாத சாதாரண காஸ்கெட்டோ போட்டுவிட்டு அப்படியே விடுவது சூதாட்டம். அதில் முதலில் போவது பெரும்பாலும் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள குறுகலான இடம்.

தளர்த்தாமல் ரெஞ்ச் போட்டுப் பார்ப்பது

அதிகம் பேர் செய்வது இதுதான். டார்க் ரெஞ்சைக் குறித்த எண்ணில் வைத்து, ஒவ்வொரு நட்டாகப் போட்டு இழுப்பார்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் சரியாக இருக்கிறது என்று அடுத்ததற்குப் போவார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடியும், காஸ்கெட்டும் அசையாது. பார்க்க நல்ல வழியாகத்தான் தெரியும்.

சிக்கல் உராய்வில் இருக்கிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பக்கம் வாஷரோடு உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் போகிறது. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. பொறியியலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தோராயக் கணக்கு இது. இப்போது 800 கிலோமீட்டர் ஓடி, சூடும் குளிருமாக அடிபட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நட்டை யோசித்துப் பாருங்கள். நகர்ந்துகொண்டிருக்கும் நட்டின் உராய்வை விட, நின்றுவிட்ட நட்டை முதலில் அசைக்கத் தேவைப்படும் விசை அதிகம். அதனால் பிடிப்பு குறைந்துபோன நட்டிலும் ரெஞ்ச் 50 அடி-பவுண்டில் 'டிக்' என்று சொல்லும், நட் ஒரு இழையும் நகர்ந்திருக்காது. ரெஞ்ச் அளந்தது நட்டின் ஒட்டுப்பிடியைத்தான். ஹெட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை அது அளக்கவே இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிலர் நட் நகரும் வரை எண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு நட் 55-ல் நகரும், இன்னொன்று 65-ல் சட்டென்று விட்டு வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தில் தேவைக்கு மேல் இழுபட்ட ஸ்டட்டும், பக்கத்திலேயே தளர்ந்து நிற்கும் ஸ்டட்டும் ஒரே ஹெட்டில் இருக்கும். ஹெட் ஒரே சீராக அமுங்காமல் போவதற்கு இதை விட நேர்வழி இல்லை. இந்த முறை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒவ்வொன்றாகத் தளர்த்தி முடுக்குவது

வேலையை இப்படிச் செய்யுங்கள். இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்தில் ஹெட்டின் மேலும் சேர்ந்தாற்போல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மேனுவலில் உள்ள வரிசைப்படி, நடுவில் இருக்கும் நட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் வெளியே போக வேண்டும். முதல் நட்டை எட்டில் ஒரு பங்கு, அதிகம் போனால் கால் சுற்று தளர்த்துங்கள். 'டக்' என்று ஒட்டு விடுவது கையிலேயே தெரியும். மரை மேல் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, ரெஞ்சை நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் குறித்த டார்க் வரை கொண்டுபோங்கள். பாதியில் கை நின்றுவிட்டால் அதே நட்டை மறுபடி தளர்த்தி முதலிலிருந்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன ஒட்டுப்பிடி திரும்ப வந்துவிடும்.

இப்போது கோட்டைப் பாருங்கள். ஹெட்டில் உள்ள கோட்டை நட்டில் உள்ள கோடு தாண்டிப் போயிருந்தால், அந்தத் தூரம்தான் காஸ்கெட் அமுங்கிய கணக்கு. எல்லா நட்டும் ஏறக்குறைய ஒரே அளவு தாண்டியிருந்தால் மனதுக்கு நிம்மதி. ஒன்று மட்டும் மற்றவற்றை விட இரண்டு பங்கு போயிருந்தால், அந்த ஸ்டட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதைப் பற்றிப் பேசுவோம்.

இந்த வழியை எதிர்ப்பவர்கள், நட்டைத் தளர்த்தினால் காஸ்கெட்டின் ஒட்டு விட்டுப்போகும் என்பார்கள். எல்லா நட்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது உண்மை, அப்படிச் செய்தால் புது காஸ்கெட் வாங்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றைத் தொடும்போது மற்ற எல்லாம் இறுக்கமாக நிற்கின்றன. எம்ஜிபியில் உள்ள பிஎம்சியின் பி-சீரீஸ் எஞ்சினில் பதினொரு நட், ஒன்று தளர்ந்தாலும் பத்து பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்பது நட் உள்ள ஏ-சீரீஸிலும் எட்டு பிடித்திருக்கும். ஆறிய எஞ்சினில் தண்ணீர் அழுத்தமும் இருக்காது.

பிஎம்சி எஞ்சின்களில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் பெரியவை நான்கும் ஹெட் நட்டுகளே. பி-சீரீஸில் வெளியே தெரிபவை ஏழு, ராக்கரோடு இருப்பவை நான்கு, மொத்தம் பதினொன்று. வெளியே உள்ள ஏழை மட்டும் முடுக்கிவிட்டு 'ஹெட் முடுக்கியாயிற்று' என்று சொன்னால் வேலை பாதிதான் நடந்திருக்கிறது. அதே காரணத்தால்தான், ராக்கரைக் கழற்றும்போது வெளி நட்டுகளையும் சேர்த்துத் தளர்த்தாவிட்டால் ஹெட் கோணும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும் என்று அந்தக் கால மேனுவல் எச்சரிக்கிறது.

டார்க் எண்ணைப் பொறுத்தவரை உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதுதான் சட்டம். ஆரம்பகால எம்ஜிபிக்கு 40 அடி-பவுண்டு (54 நியூட்டன் மீட்டர்), பிற்கால 18வி எஞ்சினுக்கு 45 முதல் 50 வரை (61 முதல் 68). மோரிஸ் மைனரின் ஏ-சீரீஸுக்கு 40. ஹெரால்டுக்கு 42 முதல் 46. ஸ்டட்டை மாற்றி, சந்தையில் கிடைக்கும் பலமான ஸ்டட் போட்டு, அதோடு வரும் மாலிப்டினம் கிரீஸைத் தடவியிருந்தால் கார் மேனுவலின் எண் பொருந்தாது, ஸ்டட் தயாரித்தவர் கொடுத்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வழவழப்பு கூடக்கூட அதே டார்க்கில் இழுவை ஏறும், பழைய பிளாக்கின் மரை அதைத் தாங்காது.

இந்தியாவில் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பகுதி அப்படியே பொருந்தும். உத்தர்பாராவில் செய்த பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் இதே பி-சீரீஸ் குடும்பம்தான். 1990-களில் வந்த இசுசு எஞ்சின் வேறு, அதில் இந்தக் கணக்கு எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

சூட்டிலா, ஆறிய பிறகா

இரும்பு ஹெட்டுக்கு இந்தச் சண்டை அவ்வளவு பெரிதில்லை. வார்ப்பிரும்பும் எஃகு ஸ்டட்டும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். ஆனாலும் ஆறிய பிறகு செய்வதே மேல். எஞ்சினைக் கட்டும்போது போட்ட டார்க் ஆறிய நிலையில் போட்டது, அதோடு ஒப்பிட வேண்டுமென்றால் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். சூட்டில் ராக்கர் பக்கம் கை வைத்து, ஒரே சீராக ரெஞ்ச் இழுப்பதும் சிரமம்.

அலுமினியம் ஹெட்டாக இருந்தால் இந்தக் கேள்வியே பெரிய விஷயம். ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடானால் ஹெட் ஸ்டட்டைத் தானாகவே இழுத்து இறுக்கிவிடும். அந்த நேரத்தில் ரெஞ்ச் போட்டால் எல்லா நட்டும் கச்சிதமாக இருப்பதாகக் காட்டும், ஆறியதும் பிடிப்பு குறைந்துவிடும். சூட்டில் தளர்த்தி முடுக்கினால் நிலைமை இன்னும் மோசம், ஆறிய ஹெட் தளர்வாகவே நிற்கும். எம்ஜிபிக்குச் சந்தையில் வாங்கிய அலுமினியம் ஹெட் போட்டவர்களுக்கும் இதே விதிதான்: ஆறிய பிறகு மட்டும். காஸ்கெட் தயாரித்தவர் சூட்டில் செய்யச் சொல்லி எழுதியிருந்தால் அது ஒன்றே விலக்கு.

ஜாகுவாரின் பிற்கால 4.2 லிட்டரில் ஸ்டட்டுகள் தண்ணீர்ப் பாதைக்குள் ஆழமாக இறங்கிப் போகும். பல வருடம் துருத்தடுப்பு இல்லாத தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் ஸ்டட் நடுவில் அரித்து மெலிந்திருக்கும். அங்கே முடுக்கிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். ட்ரையம்ப் ஸ்டாக்கின் வி8 இன்னொரு தலைவலி. ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரு வரிசை ஸ்டட், ஒரு வரிசை போல்ட், இரண்டும் வெவ்வேறு சாய்வில் இறங்கும். அதில் ஸ்டட் அலுமினியத்தோடு இறுகிப்போயிருந்தால் ஹெட்டைக் கழற்றுவதே பெரும்பாடு.

கோணம் பார்த்து முடுக்கும் எஞ்சின்கள்

ரோவரின் கே-சீரீஸுக்கு இவை எதுவும் பொருந்தாது. அதன் பத்து நீளமான போல்ட்டுகள் ஹெட், பிளாக் எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே வரை போகும். 20 நியூட்டன் மீட்டர் போட்டு, அப்புறம் 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி என்று கோணம் பார்த்துத்தான் முடுக்குவார்கள். போல்ட் நெடுக நீண்டு நிற்பதால் சின்ன அமுக்கம் அதன் பிடிப்பைப் பெரிதாகக் குறைக்காது. இந்த எஞ்சின் உள்ள எம்ஜிஎஃப் கார் வைத்திருப்பவர்கள் பழைய எம்ஜிபி பழக்கத்தில் இதில் ரெஞ்ச் போட வேண்டாம்.

முடுக்கிய பிறகு டேப்பட்

ஹெட் கீழே இறங்கினால் ராக்கரும் அதோடு இறங்கும், ஆனால் ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ்ராடின் நீளம் மாறாது. அதனால் வால்வ் இடைவெளி குறையும். ராக்கரின் விகிதத்தால் அது இன்னும் கூடும். பி-சீரீஸில் 0.03 மில்லிமீட்டர் இறங்கினால் வால்வ் முனையில் 0.04 அளவுக்கு இடைவெளி போய்விடும். இடைவெளி கூடினால் கடகட சத்தம் வரும், அதோடு சரி. குறைந்தால் வால்வ் இருக்கையில் முழுசாக உட்காராமல் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துபோகும். அதனால் முடுக்கிய அன்றே டேப்பட் செட் பண்ணாமல் கவரை மூடக் கூடாது.

எம்ஜிபியில் பெரும்பாலும் 0.015 அங்குலம், ஏ-சீரீஸில் 0.012, ஹெரால்டில் 0.010, எல்லாம் ஆறிய எஞ்சினில். நான்கு சிலிண்டருக்கும் எட்டு வால்வ், கூட்டினால் ஒன்பது வரும் விதியில் வேலை சுலபம். எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் செட் பண்ணுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. ஃபீலர் கேஜ் இடைவெளியில் லேசாக இழுபட்டு நகர வேண்டும், சும்மா வழுக்கிக்கொண்டு போகக் கூடாது.

முடுக்கினாலும் தீராதவை

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறது, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது என்றால் மறுபடி முடுக்குவது மருந்தில்லை. காஸ்கெட்டில் சூடான வாயு ஒரு தடவை வழி போட்டுவிட்டால், மேலே எவ்வளவு அழுத்தினாலும் அந்தத் தடம் மூடாது. ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

அப்புறம், தனியாக அதிக தூரம் நகர்ந்த அந்த ஒரு நட். இன்னொரு 800 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதை மட்டும் அதே முறையில் பாருங்கள். நகராமல் நின்றால் சரி. மறுபடியும் கோட்டைத் தாண்டினால், அல்லது டார்க் ஏறாமல் மெத்தென்று சுற்றிக்கொண்டே போனால், உடனே கையை எடுத்துவிடுங்கள். நட்டின் அடியில் உள்ள வாஷர் குழிந்திருக்கலாம், ஸ்டட் நிரந்தரமாக நீண்டிருக்கலாம், பிளாக்கின் மரை மேலே எழும்பி வந்திருக்கலாம். மரை எழும்பியிருந்தால் ஸ்டட் துளையைச் சுற்றி பிளாக்கின் மேல்தளத்தில் சின்ன மேடு தெரியும். அந்த மேட்டைச் சமப்படுத்தி, துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகக் குடைந்து, மரை போயிருந்தால் உள்ளே புது மரைச் சுருள் வைத்து, புது ஸ்டட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகி, தடிமனான கடின வாஷரோடு ஹெட்டை ஏற்றுங்கள். காஸ்கெட்டும் புதிதாகத்தான் போட வேண்டும்.